மெஷினை எடுக்குமுன் பட்டாவைப் பார்

விறகு வெட்டுக் குத்தகைக்குப் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிக்கு,

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒரு பார்வையிலேயே மரத்துக்கு விலை சொல்லிவிடுவார்கள். நிலம் யாருடையது என்பதில்தான் சறுக்குகிறார்கள். "நம்ம காடுதான், வெட்டிக்கங்க" என்று கைகாட்டியவர் கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியாக மட்டும் இருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் கண்மாய்ப் புறம்போக்காக இருக்கும்.

1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டை விளக்க 378-ஆவது பிரிவில் முதல் உதாரணமாக எடுத்ததே அடுத்தவர் நிலத்து மரத்தைத்தான். உடையவர் சம்மதமில்லாமல், கொண்டுபோகும் கெட்ட எண்ணத்தோடு வெட்டினால், மரம் நிலத்தைவிட்டுப் பிரிந்ததுமே திருட்டு நடந்து முடிந்தது. வண்டியில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303-ஆவது பிரிவு. சம்மதம் இருப்பதாக நம்பி வெட்டியவர் திருடர் அல்லதான். ஆனால் ஸ்டேஷனில் அதைக் காட்டக் கையில் ஒரு தாள் வேண்டும். பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. இடையில் பனை நின்றால் தொடாதே. பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது.

எல்லைக் கல்லை நிலத்துக்காரரே நடந்து காட்டட்டும். வருஷக்கணக்கில் உழாமல் கிடக்கும் காட்டில் முள் மண்டி மூடிய பாழுங்கிணறு இருக்கலாம். கைப்பிடிச் சுவர் இருக்காது. விளிம்பு மண்ணைக் கருவேல வேர்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வேரைத் தோண்டினால் மண்ணும் ஆளும் சேர்ந்தே உள்ளே போக வேண்டியதுதான். தெரிந்தும் சொல்லாத நிலத்துக்காரருக்குப் பழியில் பங்குண்டு. கேட்காமல் ஆளை இறக்கிய குத்தகைக்காரருக்கு அதைவிடப் பெரிய பங்கு.

மரம் சாயும் பக்கம் மின்கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கை வைக்காதே.

சில குத்தகைக்காரர்கள், "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று கூலியாட்களிடம் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே அன்றைக்கே சொல்லிவிட்டது. மரம் அறுக்கும் மெஷினின் நுனி கட்டையில் பட்டால் எகிறி முகத்துக்கே வரும். அப்படி அடிபட்ட ஆளின் குடும்பம் வந்து நிற்பது குத்தகைக்காரர் வாசலில்தான். வந்து நிற்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

முதல் மரத்தில் மெஷின் வைக்குமுன் ஆட்கள் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் எடுத்துவிடு, தம்பி.