அந்திப்பலியின் நேரம் யாருக்கு?

இந்த மாதம் ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க ஆவியானவர் என்னை ஏவுகிறார். உங்கள் வீட்டில் சாயங்கால நேரம் யாருக்குச் சொந்தம்?

வேதபாடம்: எண்ணாகமம் 28:1-8, தானியேல் 9:20-23

1. கர்த்தர் நேரத்தைக் கேட்டார்

இஸ்ரவேலரிடத்தில் கர்த்தர் தினந்தோறும் 2 ஆட்டுக்குட்டிகளைக் கேட்டார். ஒரு வயதுள்ள, பழுதற்ற குட்டிகள். காலையில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று. குட்டியை மட்டுமல்ல, நேரத்தையும் அவரே குறித்தார். "காலையிலேயே இரண்டையும் செலுத்திட்டா சாயங்காலம் ஃப்ரீயா இருக்கலாமே" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

அந்த அந்திப்பலி நேரத்தின் மகிமையைப் பாருங்கள். கர்மேல் மலையில் எலியா ஜெபித்ததும் அக்கினி இறங்கினதும் அந்த நேரத்தில்தான் (1 இராஜா. 18:36-38). தானியேலிடம் காபிரியேல் பதிலோடு வந்ததும் அந்த நேரத்தில்தான்.

2. பலிபீடம் இடிந்தும் நேரம் இடியவில்லை

தானியேல் அப்போது எங்கே இருந்தார்? பாபிலோனிய தேசத்தில்! எருசலேம் தேவாலயம் தீக்கிரையாகி ஏறக்குறைய 50 வருஷம் ஆகியிருந்தது. பலிபீடம் இல்லை, ஆசாரியன் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை. ஆனாலும் அந்த வயதான மனுஷனுக்கு அது இன்னமும் அந்திப்பலியின் நேரமாகவே இருந்தது. சுற்றிலும் கீதவாத்தியமும் ராஜவிருந்தும் நிறைந்த தேசம். அவருடைய கடிகாரமோ எருசலேமின் கடிகாரம்.

நமக்கோ நிலைமை தலைகீழ். சபைக் கட்டடம் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மைக் செட் இருக்கிறது. நேரம்தான் போய்விட்டது!

3. சத்துரு நேரத்தைத்தான் கேட்கிறான்

பிரியமானவர்களே, பிசாசு உங்களிடம் வந்து "இயேசுவை மறுதலி" என்று கேட்கமாட்டான். கேட்டால் கொடுக்கமாட்டீர்கள் என்று அவனுக்குத் தெரியும். "இந்த அரை மணி நேரம் மட்டும்" என்றுதான் கேட்பான்.

1980-களில் தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை சினிமாப் படம். வெள்ளி நமக்கு உபவாச ஜெபநாள், ஞாயிறு கர்த்தருடைய நாள். அதற்குப் பிறகு 1993-ல் சன் டிவி வந்தது, ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சீரியல் வந்தது. குடும்ப ஜெபம் 7 மணியிலிருந்து 9-க்குப் போய், 10-க்குப் போய், தூக்கத்துக்குள் போய்விட்டது.

இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை. அன்று விட்ட நிகழ்ச்சி விட்டதுதான். இன்றோ எதையும் நாளைக்கு போனில் பார்க்கலாம். அப்படியிருந்தும் நாம் நாளைக்கு என்று தள்ளிவைப்பது எதை? ஜெபத்தைத்தானே!

வீடு சந்திக்கப் போகும்போது நான் கவனிக்கிறேன். "ஐயா வந்திருக்காங்க, சத்தத்தைக் குறை" என்கிறார்கள். சத்தம் குறைகிறது, படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் ஜெபிக்கிறேன், பிள்ளைகளின் கண் என் தோளுக்கு மேலே திரையில் இருக்கிறது. யாரை நிறுத்தலாம், யாரைக் காக்கவைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

4. அப்படியானால் விளையாட்டு பாவமா?

ஒரு வாலிபத் தம்பி இப்படிக் கேட்டான். 2023 நவம்பர் 19 ஞாயிறு பிற்பகல், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த சமயம். அவனுக்கு நான் எரிக் லிடெலைப் பற்றிச் சொன்னேன். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர், ஓட்டத்தை உயிராய் நேசித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ஓட மறுத்துவிட்டார். வேறு நாளில் 400 மீட்டர் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வென்றார். அடுத்த வருஷமே மிஷனெரியாகச் சீனாவுக்குப் போனார். 1945-ல் அங்கே ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தார்.

அவர் விளையாட்டை வெறுக்கவில்லை. அதை இரண்டாம் இடத்தில் வைத்தார். தங்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தத் தீர்மானம் சரியானதுதான். முதலாவது எது என்பதே கேள்வி (மத். 6:33).

5. நாம் செய்யவேண்டியது

* ஒரு நேரத்தைக் குறியுங்கள். 15 நிமிஷம் போதும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம்.
* எல்லா போனும் அலமாரிக்குள் போகட்டும். அப்பாவின் போன் முதலில் போகட்டும்!
* வாசிக்கத் தெரிந்த கடைசிப் பிள்ளை வசனம் வாசிக்கட்டும்.
* இரட்சிக்கப்படாத கணவர் டிவி பார்க்கிறாரா? சண்டை போடாதீர்கள், சகோதரியே. பிள்ளைகளை அடுக்களைக்குக் கூட்டிப்போய் முழங்கால் போடுங்கள். தானியேலுக்கும் பாபிலோனில் ஆலயம் இல்லை.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலும் அந்திப்பலியின் நேரம் வரும். அக்கினியை அனுப்ப கர்த்தர் ஆயத்தமாயிருக்கிறார். பலிபீடத்தண்டையில் நாம் இருப்போமா? மாரநாதா!

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்