குழாய்வழி உணவும் எங்கள் மூத்தம்மாவும்

"குழாய் போட்டுட்டாங்களா? அப்ப இனி அல்லாஹ் விட்ட வழிதான்."

மூத்தம்மாவை மகரகமவிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, பார்க்க வந்த உறவினர் ஒருவர் உம்மாவின் காதோடு சொன்ன வார்த்தை இது. காதோடு சொன்னாலும் அது மூத்தம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அன்றிரவு அவர் தன் மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுக் காட்டி, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். எல்லாம் முடிந்ததா என்று கேட்பது போல இருந்தது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். களம், இரைப்பை, சிறுகுடல் என்று உணவுக்கால்வாயை வரைந்து பெயரிட்டுப் புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கால்வாய்க்குள் இறங்கும் ஒரு குழாயின் மறுமுனையை என் கையில் பிடிப்பேன் என்று நினைத்ததில்லை. மூத்தம்மா 9 வாரங்கள் அந்தக் குழாயோடு இருந்தார். அதில் 7 வாரங்கள் எங்கள் வீட்டில். அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டவை வேறொரு வீட்டுக்கும் உதவலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தக் குழாய்?

மூத்தம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்து, அதன்பின் வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் 6 வாரங்கள் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கதிர்கள் புற்றுநோய்க் கலங்களை அழிக்கும்போது வாயினதும் தொண்டையினதும் மென்மையான உட்தோலும் புண்ணாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்படுவதால் வாய் காய்ந்து போகிறது. நாவின் சுவையும் மாறிவிடுகிறது. நான்காவது வாரம் முடியும்போது ஒரு கரண்டி தண்ணீரை விழுங்குவதற்கே மூத்தம்மா கண்ணீர் விட்டார். உடல் நிறை குறைந்துகொண்டே போனது.

நிறை அதிகமாகக் குறைந்தால் புண் ஆறுவது தாமதமாகும். உடல் தாங்காமல் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டியும் வரலாம். நிறுத்தினால் அதன் பலன் குறையும். அதனால்தான் ஐந்தாவது வாரத்தின் தொடக்கத்தில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தினார்கள். ஆகவே அது சிகிச்சையைக் கைவிட்டதன் அடையாளம் அல்ல. சிகிச்சையை முழுமையாக முடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதை நான் முன்பே அறிந்திருந்தால் அன்றிரவே மூத்தம்மாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

குழாய்வழி உணவு இன்று நேற்று வந்ததும் அல்ல. 1790ஆம் ஆண்டில் ஜோன் ஹன்டர் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர், விழுங்க முடியாத ஒரு நோயாளிக்கு விலாங்கு மீனின் தோலால் செய்த குழாய் மூலம் உணவு கொடுத்திருக்கிறார். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கோடரர், பொன்ஸ்கி என்ற இரு வைத்தியர்கள், வயிற்றைப் பெரிதாக வெட்டித் திறக்காமல், வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் குழாய் வைக்கும் முறையைக் கண்டார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் குழாய் தேவைப்படும் பலருக்கு இன்று அந்த முறையையே யோசிக்கிறார்கள். மூத்தம்மாவுக்கு விழுங்கும் சக்தி திரும்பி வருவது தெரிந்ததால், மூக்குக் குழாயையே ஒருமுறை மாற்றிப் போட்டுத் தொடர்ந்தார்கள்.

நான் செய்த பிழை

வீட்டுக்கு அனுப்புமுன் தாதி உம்மாவுக்கும் எனக்கும் எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனால் இரண்டாவது கிழமையில் ஒருநாள் எனக்கு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது. மூத்தம்மா சாய்ந்து படுத்திருந்தார். எழுப்பி இருத்தாமல், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து உணவு தானாக இறங்கும்வரை காத்திருக்காமல், பிஸ்டனால் தள்ளிவிட்டேன். சில நிமிடங்களில் மூத்தம்மா வாந்தி எடுத்தார். இருமினார். மூச்சு வாங்கியது. உம்மா ஓடிவந்து அவரை நிமிர்த்திப் பிடித்தா. வாப்பா வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். நுரையீரலுக்குள் எதுவும் போகவில்லை என்று வைத்தியர் சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை.

களத்துக்கு முன்னால் வாதனாளி இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த பாடம்தான். இரைப்பையிலிருந்து மேலே வரும் உணவு வாதனாளி வழியே நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். உயிருக்கும் ஆபத்தாகலாம். பரீட்சைக்குப் படித்ததை நான் வீட்டில் மறந்தேன். அன்று முதல் கொப்பியைச் சுவரில் ஒட்டி வைத்தோம். அதிலிருந்த முக்கியமானவை இவை:

ஒன்று, உணவு கொடுக்கும்போது நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்த வேண்டும். கொடுத்து முடிந்து ஒரு மணித்தியாலம் வரை படுக்க விடக்கூடாது.

இரண்டு, ஒவ்வொரு முறையும் மூக்கு நுனியில் குழாயிலுள்ள அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் சிரிஞ்சால் சிறிது நீரை இழுத்து பீ.எச். தாளில் தொட வேண்டும். எங்களுக்குச் சொல்லித் தந்த அளவு 5 அல்லது அதற்குக் குறைவு. இரைப்பையில் அமிலம் இருப்பதால் இது குழாய் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது.

மூன்று, உணவை மெதுவாக, தன் பாரத்திலேயே இறங்க விட வேண்டும். மூத்தம்மாவுக்கு ஒருமுறைக்கு 200 மில்லிலீற்றர், ஏறக்குறைய 20 நிமிடங்கள். அளவையும் உணவு வகையையும் வைத்தியரோ போசாக்கு ஆலோசகரோதான் தீர்மானிக்க வேண்டும்.

நான்கு, உணவுக்கு முன்னும் பின்னும் ஆறிய கொதிநீர் 30 மில்லிலீற்றர் விட வேண்டும். விடாவிட்டால் குழாய் அடைத்துவிடும். மாத்திரைகளைத் தனித்தனியாகத் தூளாக்கி நீரில் கரைக்க வேண்டும். உணவோடு கலக்கக்கூடாது. சில மாத்திரைகளைத் தூளாக்கவே கூடாது என்பதால் கேட்டறிவது அவசியம்.

ஐந்து, குழாய் கழன்று வந்தால் நாமே திரும்பச் செலுத்தக்கூடாது. உணவு போகும்போது இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலமாதல் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆறு, வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சிறிது உப்பும் அப்பச் சோடாவும் கலந்த இளஞ்சூட்டு நீரால் மூத்தம்மா ஒரு நாளைக்குப் பல தடவை வாய் கொப்பளித்தார்.

வயிறு நிறைந்தும் தீராத பசி

இந்த ஒழுங்குகளெல்லாம் பழகிவிட்டன. நிறையும் குறையாமல் நின்றது. ஆனால் மூத்தம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. காரணம் எங்களுக்கு விளங்கவில்லை.

நாங்கள் அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தோம். பின்பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் சாப்பிட்டோம். அவருக்கு முன்னறையில் குழாயில் உணவு கொடுத்தோம். அப்படியிருக்க நோன்பு மாதம் வந்தது. நோன்பு நோற்க முடியவில்லையே என்று அவர் அழுதார். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, சுகமான பின் நோற்றுக்கொள்ளலாம் என்று வாப்பா ஆறுதல் சொன்னார். நான்காவது நோன்பன்று மஃரிப் நேரம் நாங்கள் பின்பக்கம் போக எழுந்தபோது, மூத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிய நாவால் சொன்னார்: "என்ன ஏன் புள்ள ஒதுக்கி வெச்சிட்டு நோன்பு திறக்கிறீங்க?"

உம்மா அப்படியே நின்றுவிட்டா. நாங்கள் மறைத்தது உணவை அல்ல, எங்களை.

அன்றே முன்னறையில் பாய் விரித்தோம். மூத்தம்மாவைத் தலையணைகள் வைத்து நிமிர்த்தி இருத்தினோம். பாங்கு சொன்னதும் நாங்கள் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். உம்மா சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தா. மூத்தம்மா பிஸ்மில் சொன்னார். கஞ்சிக் கோப்பையை மூக்கருகே கொண்டுவரச் சொல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சி காணாது" என்று உம்மாவிடம் குறை சொன்னார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுச் சமையலில் கண்ட முதல் குறை அது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மீண்டும் விழுங்கப் பழகுதல்

குழாய் இருக்கிறதே என்று விழுங்குவதை முழுவதும் விட்டுவிட்டால் தொண்டைத் தசைகள் பலம் இழக்கும். எனவே பேச்சுச் சிகிச்சையாளர் மூத்தம்மாவுக்குப் பயிற்சிகள் கொடுத்தார். நாக்கை நீட்டி மடக்குவது, வாயை மெல்லத் திறந்து மூடுவது, அழுத்தமாக எச்சில் விழுங்குவது போன்றவை. விழுங்குவதற்குத் தண்ணீர்தான் சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் விரைவாக ஓடுவதால் பலவீனமான தொண்டை அதைத் தடுப்பதற்குள் வாதனாளிக்குள் போய்விடலாம். தடிப்பான உணவு மெதுவாகப் போவதால், மூத்தம்மாவைப் போன்ற பலருக்கு அதைக் கொண்டே தொடங்குகிறார்கள்.

கதிர்ச் சிகிச்சை முடிந்தும் ஒன்றிரண்டு வாரங்கள் வேதனை கூடவே இருந்தது. அதன்பின்தான் குறையத் தொடங்கியது. சிகிச்சையாளர் அனுமதித்த நாளில் உம்மா கஞ்சியைத் தடிப்பாக அரைத்து ஒரு தேக்கரண்டி கொடுத்தா. மூத்தம்மா நாடியைத் தாழ்த்தி, சொல்லித் தந்தபடி விழுங்கினார். இருமவில்லை. "சப்பெண்டு இருக்கு" என்றார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டார்.

கரண்டி கோப்பையானது. வாயாலேயே போதுமான அளவு சாப்பிட்டு நிறையும் நிலையாக இருந்த பின், ஒன்பதாவது வாரத்தில் குழாயைக் கழற்றினார்கள். இன்றும் அவருக்கு வாய் காய்கிறது. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் இருக்க மாட்டார். ஆனால் பாயில் எங்களோடுதான் சாப்பிடுகிறார்.

மூத்தம்மாவின் வெற்றிலை வட்டா இப்போது வெறுமையாக அலுமாரியில் இருக்கிறது. நாற்பது வருடப் பழக்கம். பாக்கும், பாக்குச் சேர்ந்த வெற்றிலையும், புகையிலை சேராவிட்டாலும்கூட, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியிருக்கிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண்ணோ, வாயைத் திறக்கக் கஷ்டமோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மூத்தம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பாருங்கள்.

உங்கள் உறவில் ஒருவருக்குக் குழாய் போட்டிருந்தால், பார்க்கப் போகும்போது "அல்லாஹ் விட்ட வழி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வராதீர்கள். உள்ளே போய் அவர் பக்கத்தில் அமருங்கள். வீட்டார் சாப்பிடும் நேரமானால் அவரையும் அந்தப் பாயில் இருத்தச் சொல்லுங்கள்.