சுழல மறுக்கும் உலர்த்தி
பாம்பன் காற்றில் ஒரு மின்பாடம்

பாம்பனில் காற்றுக்குப் பஞ்சமில்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடையோ சோழகமோ ஏதாவது ஒன்று வீசிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி பறந்துவிடாமல் இரண்டு மூன்று கிளிப் மாட்ட வேண்டிய ஊர் அது. அங்கே துணி உலர்த்த மின்சாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் போய்ப் பாருங்கள். காலையில் கொடியில் போட்ட பள்ளிச் சீருடை மாலையிலும் பிசுபிசுவென்றே இருக்கும். மழை அதற்கு ஒரு காரணம், மற்றொன்று உப்பு.

அலைகள் உடையும்போது மிக நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியானாலும் உப்பு காற்றிலேயே மிதந்து வந்து துணிமேலும் சுவர்மேலும் இரும்புமேலும் படிகிறது. சோடியம் குளோரைடு, அதாவது நாம் உணவில் சேர்க்கும் உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது நீராய்க் கசிய 33 சதவீத ஈரப்பதமே போதும். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழுந்தவர்களுக்கு இது அனுபவம்: நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அந்த வேட்டி முழுக்கக் காயவே காயாது.

ஆகவே கடற்கரை வீடுகளிலும் இரட்டைத் தொட்டி சலவை இயந்திரம் புகுந்துவிட்டது. ஒரு தொட்டி துவைக்கிறது. பக்கத்திலுள்ள சிறிய தொட்டி துணியை வேகமாகச் சுழற்றி நீரை உதறுகிறது. இதைத்தான் நம் வீடுகளில் ‘டிரையர்’ என்கிறோம். குளிர் நாடுகளில் சூடான காற்றைச் செலுத்தித் துணியை முழுக்கக் காய வைக்கும் இயந்திரம் வேறு. நம்முடையதில் சூடு என்பதே கிடையாது.

சூடு இல்லாததுதான் இதன் சிக்கனம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரம் வேண்டும். 150 வாட் மோட்டார் ஒன்று ஐந்து நிமிடம் சுழன்றால் ஆகும் செலவு 0.0125 யூனிட்; ஐம்பதில் ஒரு பங்கு. தொட்டி நிமிடத்துக்கு 1,300 முறை சுற்றுவதாகவும் அதன் ஆரம் 12 செ.மீ. என்றும் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். தொட்டியின் விளிம்பில் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 220 மடங்குக்கு மேல் வரும். அந்த வேகத்தில் நீர் துணியை விட்டுத் துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். இதே வேகம் ஒருவர் கையையும் முறிக்க வல்லது என்பதைப் பின்னர் பார்க்கப் போகிறோம்.

ஒரு நாள் இந்தத் தொட்டி சுழல மறுக்கிறது. மூடியை மூடுகிறோம், குமிழைத் திருகுகிறோம், அசைவில்லை. உடனே திருப்புளியைத் தேட வேண்டாம். ஈரத் தரையில் நின்றுகொண்டு 230 வோல்ட்டுடன் விளையாடக் கூடாது. திறந்து பார்ப்பது மின்பணியாளரின் வேலை. ஆனால் எங்கே திறக்க வேண்டும் என்பதைக் காதாலும் அறிவாலும் நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மின்னோட்டம் போகும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். சாக்கெட், பிளக், ஒயர், பிறகு டைமர், பிறகு மூடி ஸ்விட்ச், கடைசியில் மோட்டார். எல்லாம் தொடர் இணைப்பு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மின்னோட்டம் நின்றுவிடும்.

ஒரு சத்தமும் இல்லையென்றால்

துவைக்கும் தொட்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குத் தனி மோட்டார் உண்டு. ஆனால் பிளக்கும் ஒயரும் இரண்டுக்கும் பொது. அது ஓடினால் சாக்கெட், பியூஸ், பிளக், ஒயர் எல்லாம் நலம். சங்கிலியில் பாதியை ஒரே கேள்வியில் கழித்துவிட்டோம். அதுவும் ஓடாவிட்டால் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் போதும்.

இனி டைமர். குமிழைத் திருகியதும் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. ஆகவே மின்சாரம் வருகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. பெரும்பாலான இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் இந்த டைமர் வில்சுருள் முறுக்கிய கடிகாரம் போன்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் அது டிக் டிக் என்று ஓடும்.

அடுத்தது மூடி ஸ்விட்ச். கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மூடியை மூடும்போது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு இணைப்பு உண்டாகிறது, திறந்தால் விலகிவிடும். உப்பு ஈரம் அந்தத் தகடுகளில் படிந்ததும் செம்பு கலந்த உலோகம் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது. தகடுகள் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். நடுவே களிம்பு நின்று வழியை அடைத்திருக்கும். மூடியைச் சற்று அழுத்தினால் ஒரு கணம் ஓடி மறுபடி நின்றால் குற்றவாளி அநேகமாக இவனே.

இங்கே ஒரு விபரீதமான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்விட்ச் கெட்டுவிட்டால் அதன் இரு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி ‘நேரடி’யாக்கிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. புதிய ஸ்விட்சின் விலை மிச்சம், இயந்திரமும் ஓடும். ஆனால் அன்று முதல் மூடி திறந்திருந்தாலும் மோட்டார் இயங்கும். சுழலும் துணியில் குழந்தையின் விரலோ தாவணி முனையோ சிக்கினால் 1,300 சுற்று வேகம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தவிர, மூடியைத் திறந்ததும் தொட்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஒன்று உண்டு. மோட்டார் ஒரு பக்கம் சுழற்ற, பிரேக் மறுபக்கம் இறுக்க, சில நாட்களில் மோட்டாரும் கருகிவிடும். தகடுகளை உப்புத்தாளால் தேய்ப்பதும் நிலைக்காது. பல ஸ்விட்சுகளில் தொடுமுனைமேல் வெள்ளிப்பூச்சு இருக்கும். தேய்த்தால் பூச்சு போய்விடும். அடுத்த முறை களிம்பு இன்னும் விரைவில் ஏறும். ஸ்விட்சை மாற்றுவதுதான் சரி.

உறுமல் கேட்டால்

தொட்டி அசையவில்லை, ஆனால் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது என்றால் கதை முற்றிலும் வேறு. மின்னோட்டம் மோட்டார் வரை வந்துவிட்டது. டைமரும் மூடி ஸ்விட்சும் குற்றமற்றவை. உடனே நிறுத்திவிடுங்கள். சுழலாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும்.

நம் வீட்டுக்கு வருவது ஒருமுனை மாறுமின்னோட்டம். ஒரே சுருளில் அது உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுற்றாது. சைக்கிள் மிதி நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகர்வதில்லை அல்லவா? வேறு கோணத்திலிருந்து ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுக்கவே மோட்டாரில் இரண்டாவது சுருள் இருக்கிறது. அதனோடு இணைத்த கண்டென்சர், அதாவது மின்தேக்கி, அந்தச் சுருளின் மின்னோட்டத்தை முதல் சுருளுடையதைவிடச் சற்று முந்தச் செய்கிறது. கண்டென்சர் கெட்டால் அந்தத் தள்ளு இல்லை. மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். எக்காரணம் கொண்டும் அதைத் தொடாதீர்கள்.

உறுமலுக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒரு கைக்குட்டையோ சாக்ஸோ தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே நழுவி விழுந்து அடைத்திருக்கலாம். அல்லது பிரேக்கை விடுவிக்கும் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கலாம்; கடலோர வீட்டில் இது சாதாரணம். மூடி திறந்திருக்கும்போது தொட்டியைக் கையால் சுற்ற முடியவில்லையே என்று பதற வேண்டாம். அப்போது பிரேக் பிடித்திருப்பதே முறை.

மின்சாரம் பட்டென்று நின்றால்

இயந்திரத்தைப் போட்டதும் வீடே இருண்டுபோனால் அது மூன்றாவது வகை, மூன்றிலும் ஆபத்தானது. பல வீடுகளில் இப்போது மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்த அந்த மின்னோட்டம் எங்கே போயிற்று? மோட்டாரின் காப்புறைமேல் படிந்த உப்பு ஈரம் வழியாக உலோகச் சட்டத்துக்கும் அதிலிருந்து பூமிக்கும் கசிகிறது. பூமி இணைப்பு சரியில்லாவிட்டால் அடுத்த வழி, ஈரக்கையோடு அதைத் தொடும் மனிதர்தான். ‘தொல்லை கொடுக்கிறது’ என்று துண்டிப்பானைக் கழற்றி வைப்பவர்களை என்னவென்று சொல்வது!

உப்பின் இரட்டை வேடத்தை இப்போது கவனியுங்கள். மின்னோட்டம் ஓட வேண்டிய தொடுமுனையில் களிம்பாகி வழியை அடைக்கிறது. ஓடக்கூடாத காப்புறையில் ஈரமாகி வழி திறந்துவிடுகிறது.

இரண்டாவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று டார்ச் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, இரண்டு ஊக்குகள் போதும். உப்பு நீரில் நனைத்து நன்கு காய வைத்த காகிதத்தில் ஊக்குகளை ஒரு செ.மீ. இடைவெளியில் குத்தி, எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். ஊக்குகள் ஒன்றையொன்று தொட்டால் விளக்கு கருகிவிடும், கவனம். காகிதம் காய்ந்திருக்கும் வரை விளக்கு எரியாது. வெந்நீர் டம்ளரின் ஆவியை அதன்மேல் படவிட்டால் மங்கலாக எரியத் தொடங்கும். சில மணி நேரம் அப்படியே ஈரமாக வைத்தால் நேர்முனை ஊக்கைச் சுற்றிக் கறை படிவதையும் காணலாம்.

வீட்டு இயந்திரத்துக்கு வந்த தொல்லை பெரிய பொறியியலுக்கும் வந்ததுதான். அமெரிக்காவின் மியாமிக் கடற்கரைக்கு அடுத்தபடியாக உலோகத்தை அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று பொறியாளர்கள் சொல்வது வழக்கம். 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தை அளந்திருக்கிறது. 1914-இல் திறந்த பழைய இரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோல்களைச் சுற்றிக் கையாலேயே தூக்கினார்கள். களிம்பு பிடிக்க அங்கே மோட்டாரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை! 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதியை மோட்டார்கள் செங்குத்தாக மேலே தூக்குகின்றன. அதன் கம்பிகளுக்குத் துருவேறா எஃகும், இரும்புக்குச் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன.

வீட்டில் அவ்வளவு தேவையில்லை. இயந்திரத்தைக் கடல் பார்த்த திண்ணையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தால் உப்பு போகும். உலர்ந்த துணி அதைத் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். வீட்டுக்கு வெளியே மண்ணில் இறக்கிய பூமிக்குழாயையும் மறந்துவிடக் கூடாது. உப்பும் ஈரமும் கலந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதே மணல் இரும்புக் குழாயைத் தின்றும்விடும். மேலே நட்டும் கம்பியும் ஒழுங்காகத் தெரிய, கீழே குழாய் இற்றுப்போயிருக்கலாம். மின்பணியாளர் அடுத்த முறை வரும்போது பூமி இணைப்பின் மின்தடையைக் கருவி கொண்டு அளக்கச் சொல்லி, அவர் சொல்லும் எண்ணை மீட்டர் பெட்டியின் அருகே தேதியுடன் எழுதி வையுங்கள்.