பிரேசிலுக்கு வந்திறங்கிய தம்பிகளுக்கு

கோத்தியா விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் அழைப்பில் 1955 முதல் ஜப்பானிலிருந்து வந்த இளைஞர்களே! நான் 1933-இல் பெற்றோரோடு கோபேயில் கப்பலேறி, சான்டோஸ் துறைமுகத்தில் இறங்கியவன். காப்பித் தோட்டத்தில் வளர்ந்தேன். இப்போது சாவோ பாவ்லோவுக்கு வெளியே உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. முதலில் போர்த்துக்கீசியம் படியுங்கள். உங்களைப் பண்ணையில் வேலைக்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் நம்மவரே. சோறு, பேச்சு, பாட்டு எல்லாம் ஜப்பானிய மொழியிலேயே நடந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். எங்கள் தலைமுறைக்கு நடந்ததைப் பாருங்கள். 1938-இல் கிராமப்புறங்களில் நம் பள்ளிகளை அரசு மூடியது. 1941-இல் நம் செய்தித்தாள்கள் நின்றன. போர் வந்ததும் பொது இடத்தில் நம் மொழி பேசவே தடை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தி பிரேசில் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. நம்மவரில் பெரும்பாலோருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. ஜப்பான் வென்றுவிட்டது என்ற வதந்தியை ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். தோற்றது உண்மை என்று சொன்னவர்களைத் துரோகிகள் என்று பட்டம் கட்டி, 1946-லும் 47-லும் இருபதுக்கு மேற்பட்டோரை நம்மவர்களே கொன்றார்கள். பேரரசர் மீதிருந்த பக்தியும் அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த கூட்டத்தை அவ்வளவு எளிதில் ஏமாற்றியிருக்க முடியாது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

2. ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு வாழாதீர்கள். 1908-இல் கசாத்தோ மாரு கப்பலில் வந்த 781 பேரும், அவர்களுக்குப் பின்னால் வந்த எங்கள் பெற்றோரும், சில வருடம் உழைத்துப் பணத்தோடு திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். கூலி, தோட்டத்துக் கடையின் கடனுக்கே போயிற்று. திரும்பப்போகிறவர் எதற்குப் பழமரம் வைப்பார்? வீட்டைச் சுற்றி ஒரு கன்றுகூட நடாமல் வருடங்களைக் கழித்த குடும்பங்கள் உண்டு. வடக்கே அமேசான் காட்டில் தொமே அசுவில் 1929-இல் குடியேறியவர்களைப் பாருங்கள். மலேரியாவில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தார்கள். பலர் கிளம்பிப் போனார்கள். 1933-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மிளகுக் கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. தப்பிய ஒன்றிரண்டைப் பதியன் போட்டுப் பெருக்கியவர்கள், போருக்குப் பின் மிளகு விலை ஏறியபோது தலைநிமிர்ந்தார்கள். அந்த விலையைக் கண்டவர்கள், போகாமல் இருந்தவர்கள்தான்.

3. கொடுத்ததைச் சாப்பிடுங்கள். நம் ஊரில் சிவப்புப் பயறு என்றால் சர்க்கரை போட்ட இனிப்பு. இங்கே பயறைப் பூண்டும் உப்பும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து, எண்ணெயில் வதக்கி வேகவைத்த சோற்றின் மேல் ஊற்றுவார்கள். முதல் வாய் தொண்டையில் நிற்கும். ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் முன்னால் தட்டைத் தள்ளாதீர்கள். நம் ருசியை விடவும் வேண்டாம். உமே காய் கிடைக்காத இடத்தில் நம் பெண்கள் சிவப்புப் புளிச்சைப் பூவை உப்பில் ஊறவைத்து உமேபோஷி ஊறுகாய் செய்தார்களே, அந்தக் கைப்பக்குவத்தை நான் வணங்குகிறேன்.

4. இங்கே தோளைத் தட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். பின்வாங்காதீர்கள், அது அவர்கள் காட்டும் மரியாதை.

5. இங்கே பிறந்த நம் பிள்ளைகளை ஏளனமாகப் பேசாதீர்கள். கப்பலில் இருந்து இறங்கிய சிலர், "இவர்களுக்கு ஜப்பானியம் கொச்சை, ஒழுங்காகத் தலைவணங்கத் தெரியாது" என்று முகம் சுளிக்கிறார்கள். 1943-இல் சான்டோஸில் இருந்த நம்மவரை 24 மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அது போன்ற நாட்களில் எங்கள் பக்கத்தில் அதிகாரிகள் முன் நின்று பெரியவர்களுக்காகப் பேசியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று இரண்டையும் சுமந்தவர்கள் அவர்கள். நீங்கள் இன்று தொடங்கும் வேலையை அவர்கள் ஆறு வயதிலேயே தொடங்கிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய செய்தித்தாளை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.