பெண் கன்று ஊசி: போடுமுன் அறிய வேண்டியவை



நமது வட்டியில்லாக் கடனில் மாடு வாங்கிய கயத்தாறு குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது: "பெண் கன்று மட்டும் பிறக்க ஊசி இருக்கிறதாமே, நிஜமா?" நிஜம்தான்.

காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேர்ந்தால் கிடாரி, ஒய் சேர்ந்தால் காளைக்கன்று. எக்ஸ் அணுவில் மரபுப்பொருள் சுமார் 4 சதவீதம் கூடுதல். சாயமேற்றி லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் அது சற்று அதிகமாக ஒளிரும், இயந்திரம் பிரித்துவிடும். ஊட்டியில் நம் மாநில அரசின் நிலையத்திலேயே இது நடக்கிறது. விலையைக் குறைக்க 'கௌசார்ட்' என்ற உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகமானது.

பிறக்கும் கன்றுகளில் 100க்குச் சுமார் 90 கிடாரி. ஆனால் சினை பிடிப்பது சாதாரண ஊசியைவிடக் குறைவு. பிரிக்கையில் அணுக்கள் நலிகின்றன. சாதாரண டோஸில் 2 கோடி அணு என்றால் இதில் 20 லட்சம் அளவே. எனவே நன்கு வளர்ந்த, முதல் சினைக்கு நிற்கும் கிடாரிக்கே இது ஏற்றது. பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்குப் போடுவது வீண்செலவு என்பதே எங்கள் கருத்து. ஒரு பருவம் தப்பினால் 21 நாள் தீவனச் செலவு, தவணையோ காத்திருக்காது.

பருவ அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து (வீட்டுப் பெண்கள்தான் முதலில் கவனிப்பார்கள்) மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.