ஜெராக்ஸ் கேட்டுச் சட்டம் வாங்கியவர்கள்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர் ஒருவர்)



இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு சாலை வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்த மேற்பார்வையாளர், "தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்கு, இதை எழுதிக் குடு" என்று ஒரு தாளை நீட்டினார். எம் புக்கில் ஏற வேண்டிய அளவுகள். ஜல்லி கனம் பதினைந்து சென்டிமீட்டர் என்று எழுதச் சொன்னார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அளந்துதான் எழுதணும்னா வேலை எப்ப முடியும்? உக்காரு" என்றார். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

அந்தத் தாள் மனசை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் நம் யூனியன் கூட்டத்தில் ஒரு நண்பர், "கொள்கை எல்லாம் டெல்லியில முடிவு பண்றாங்க, நாம கத்தி என்ன ஆகப்போவுது?" என்று கேட்டபோது, நான் படித்திருந்த ராஜஸ்தான் கதையைச் சொன்னேன். அதையே மலருக்கு எழுது என்றார்கள்.

அதுவும் அளவுப் புத்தகத்தில் தொடங்கிய கதைதான். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்களுக்கு முழுக் கூலி வரவில்லை. வறட்சி வேலையானாலும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கிடைத்த பதில், "நீங்க முழு வேலை செய்யல, ரிகார்டுல அப்படித்தான் இருக்கு." சரி, ரிகார்டைக் காட்டுங்கள் என்றால், "அது அரசாங்க ரகசியம்." 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட ரகசியச் சட்டத்தின் நிழல், மண் சுமந்த பெண்ணின் கூலி வரை நீண்டிருந்தது.

ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்த அருணா ராய், நிகில் தே, பொம்மலாட்டமும் பாட்டும் தெரிந்த சங்கர் சிங் ஆகியோரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 1990 மே 1-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கூலி கேட்டுப் போராடியவர்கள் போகப் போக ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். கூலி பறிபோவது காகிதத்தில். ஆகவே காகிதத்தைத்தான் கேட்கவேண்டும். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கையில் கிடைத்த மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். இப்படி நடந்த விசாரணைகளில் செத்தவர் பெயருக்குக் கூலி போனதும், கட்டாத கட்டிடம் கட்டியதாக எழுதியிருந்ததும் வெளியே வந்தன. யாரும் மேடையில் முழங்கவேண்டிய அவசியமே இல்லை. தன் பெயரைக் கேட்டவர் எழுந்து, "நான் அங்க வேலைக்கே போகலையே" என்றால் போதும்.

நகல் தருவோம் என்று 1995-ல் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தர்ணா உட்கார்ந்தார்கள். வெறும் ஜெராக்ஸ் கேட்டு நாற்பது நாள்! பார்த்துக்கொள்ளலாம், கையால் எழுதிக்கொள்ளலாம், நகல் மட்டும் கிடையாது என்றது அரசு. காய்கறிக்காரர்களும் தொழிற்சங்கங்களும் துணை நின்றார்கள். ஜன்சத்தா பத்திரிகையின் பிரபாஷ் ஜோஷி போன்றவர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். அடுத்த வருடம் ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாள் தர்ணா. அதன் முடிவில் துணை முதல்வர் சொன்னதைக் கேளுங்கள்: நகல் கொடுக்கும் ஆணை ஆறு மாதம் முன்பே போட்டாயிற்றாம்! தகவல் தரச் சொல்லும் ஆணையே ரகசியமாக இருந்திருக்கிறது. இதை எங்கள் ஹாஸ்டலில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

நான் இந்த விஷயத்தில் பெரிதாக நினைப்பது தர்ணாவை அல்ல. "கொடு, கொடு" என்று கேட்டதோடு நிற்காமல், சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1996-ல் தேசிய அளவில் ஒரு பிரசார அமைப்பு உருவாயிற்று, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் பிரஸ் கவுன்சில் ஒரு வரைவுச் சட்டம் தயாரித்தது. நாமும் போன வருடம் பஸ் பாஸுக்கு ஒரு மனு கொடுத்தோம். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தோம். எந்த அரசாணையில் எந்த வரியை மாற்றவேண்டும் என்று ஒரு சொல் இல்லை. படித்த அதிகாரி என்னதான் செய்வார், பைலில் வைத்துக் கட்டிவிட்டார்.

மாநிலங்களில் முதலில் இதற்குச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடுதான், 1997-ல். ஆனால் விதிவிலக்குகள் அதிகம். மத்தியில் 2002-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதைக் கடைசிவரை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. 2004 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசின் பொதுத் திட்டத்தில் தகவல் உரிமை இடம் பெற்றது. அருணா ராய் தேசிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். வரைவு கையில் தயாராக இருந்ததால்தான் கதவு திறந்த நேரத்தில் உள்ளே நுழைய முடிந்தது. அப்போதும் டிசம்பரில் வந்த மசோதா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும் என்றது. பஞ்சாயத்துக் கணக்கு கேட்டுத் தொடங்கியவர்களுக்கு அதில் என்ன பயன்? மறுபடி ஒவ்வொரு பிரிவாக வாதாடி மாநிலங்களையும் சேர்க்க வைத்தார்கள். 2005 மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 12-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. முப்பது நாளில் பதில், தவறினால் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம்.

அதோடு முடிந்துவிடவில்லை. கோப்புக் குறிப்புகளை மறைக்க 2006-ல் முயற்சி நடந்தது. எதிர்ப்பு வலுத்ததால் கைவிட்டார்கள். 2019-ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும்படி திருத்தினார்கள். அங்கே எதிர்ப்பு தோற்றது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கும் வழியை அகலப்படுத்தியது.

சிவில் நண்பர்கள் அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவை ஒருமுறை படியுங்கள். காகித நகல் மட்டுமில்லை, வேலை நடந்த இடத்தைப் பார்வையிடலாம், பொருளின் மாதிரியும் எடுக்கலாம். லேபில் நாம் செய்வதையே குடிமகனாகச் செய்யலாம். ஓவர்சியராக நாம் எழுதப்போகும் அளவையும் நாளை ஒருவர் இப்படிக் கேட்கலாம்.

போன வாரம் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தச் சாலையின் எம் புக் நகலும், ரோட்டில் மாதிரி எடுக்க அனுமதியும் கேட்டு ஒரு மனு அனுப்பினேன். அறை நண்பன், "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போடுறியேடா" என்றான். நகல் வந்தால் நான் எழுதிக் கொடுத்த அந்தப் பதினைந்து அதில் இருக்கும். முப்பது நாள் இன்னும் ஆகவில்லை.