கூரையிலிருந்து கணக்கைத் தொடங்கு

அகரம், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

குடோன் பொறுப்பு கைக்கு வந்ததும் ஈபி பில்லை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறாய். எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் பல்பை மாற்றச் சொல்வார்கள். சோலார் கம்பெனியில் கேட்டால் கூரை முழுக்கத் தகடு போடச் சொல்வார்கள். இரண்டும் பயன்படும். ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தள்ளிப்போட்டால் அந்த இரண்டுக்குமே தேவைக்கு மேல் பணம் போடுவாய். மூட்டைக்கும் பஞ்சு பேலுக்கும் மின்சாரம் எதற்கு? கட்டடம் பகலிலும் இருட்டாக இருப்பதால் விளக்கு எரிகிறது. கூரை வெயிலை உள்ளே இறக்குவதால் ஃபேனும் ஏசியும் ஓடுகின்றன. ஆகவே முதல் செலவைக் கட்டடத்துக்குச் செய், இயந்திரத்துக்குச் செய்வது அப்புறம் இருக்கட்டும் என்கிறேன்.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயிகள் விலை ஏறும்வரை காயைப் பட்டறை போட்டு வைக்கிறார்கள். தரையிலிருந்து தூக்கிய மேடை, இடைவெளி விட்டுக் கட்டிய மூங்கில் அல்லது சவுக்குக் கம்புகள், மேலே கீற்று. அகலத்தைக் குறுக்கி நீளத்தைக் கூட்டுவார்கள். எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் நடுவில் கிடக்கும் காய்வரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. நன்றாக உலர்த்திய காய், ஒரு யூனிட் மின்சாரம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் நிற்கும். எடை குறையும், கொஞ்சம் அழுகவும் செய்யும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் 'அதற்கு ஏசி போட்டுவிடலாமே' என்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெங்காயம் 0 டிகிரியை ஒட்டியும் முளைக்காமல் உறங்கும், 25 முதல் 30 டிகிரியிலும் உறங்கும். இடையில் 10 முதல் 20 டிகிரிதான் அதற்கு முளைவிடும் பருவம். அரைகுறையாகக் குளிரூட்டியவர் மின்கட்டணத்தையும் கட்டி, முளைத்த காயையும் அள்ளிக் கொட்டுவார். 25 டன் கொள்ளும் குறைந்த செலவுப் பட்டறைக்கு மத்திய தோட்டக்கலைத் திட்டத்தில் பாதி மானியம் வைத்தார்கள் என்றால், காற்றோட்டத்தின் மதிப்பு அரசுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்.

தகரக் கூரை குடோன் இந்தப் பட்டறைக்கு நேர்மாறு. திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும், ஆவணி இரண்டாம் வாரத்தை ஒட்டியும், நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதனால் நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. தெளிந்த உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1 கிலோவாட் வெயில் விழும். 1,000 சதுர மீட்டர் கூரை என்றால் 1,000 கிலோவாட். துருவேறிக் கறுத்த தகரம் அதில் பெரும்பங்கை விழுங்கி, 60 டிகிரியையும் தாண்டிச் சூடேறி, கீழே மூட்டை தூக்குபவர்கள்மேல் அனலாக இறக்குகிறது. வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். முகட்டில் டர்போ வென்டிலேட்டர் வைத்தால் சூடான காற்று தானே வெளியேறும், அதுவும் ஆடிக் காற்றில் நன்றாகச் சுற்றும். ஆனால் கீழே காற்று நுழைய வழி விடாமல் மேலே மட்டும் வைத்துவிட்டால் அது வீண் சுழற்சிதான். 1957-ல் தொடங்கிய மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனமும் 1958-ல் தொடங்கிய தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனமும் கட்டிய கிடங்குகளைப் பார்: உயர்ந்த மேடை, தரையை ஒட்டிக் காற்று வழி, மேலே வென்டிலேட்டர். தானியம் வைத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இவற்றை மூடிவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

விளக்குக்கு வருவோம். 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு சோக்கையும் சேர்த்து 450 வாட் இழுக்கும். அப்படி 20 விளக்குகள் நாளுக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் எரிந்தால் 27,000 யூனிட். எல்லாவற்றையும் 150 வாட் எல்இடியாக மாற்றினால் 9,000. சரி, விளக்கைத் தொடாமல் கூரையில் அங்கங்கே ஒளி புகும் பாலிகார்பனேட் சீட் போட்டு, பகலில் 7 மணி நேரம் அணைத்து வைத்தால்? 8,100. எல்இடி மட்டும் போட்டவரைவிட நீ குறைவாகச் செலவழிக்கிறாய். பிறகு எல்இடியும் போட்டால் 2,700. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: மெட்டல் ஹாலைடை அணைத்தால் மறுபடி எரியச் சில நிமிடம் பிடிக்கும், அதனால் யாரும் அணைக்கவே மாட்டார்கள். எல்இடி தட்டியதும் எரியும். ஒளி சீட்டையும் விளக்கையும் மூட்டை அட்டிக்கு மேலே வைக்காதே, ஆள் நடக்கும் சந்துக்கு மேலே வை. ஒவ்வொரு சந்துக்கும் தனி சுவிட்ச் கொடு. ஒரே சுவிட்சில் குடோன் முழுதும் எரிந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஒளி சீட் கூரைப் பரப்பில் 3 முதல் 5 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் வெளிச்சத்தோடு சூடும் வரும்.

புளி, மிளகாய் வற்றல், உருளைக்கிழங்கு என்று குளிரிலேயே வைக்க வேண்டிய சரக்கும் உண்டு. அங்கும் கட்டடம்தான் முதலில். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நுழைகிற ஈரக்காற்று, குளிர்க்குழாயில் பனியாகப் படியும். பனி படிந்த குழாய் குளிரை விடாது, கம்ப்ரசர் விடாமல் ஓடும். கதவு ரப்பரைச் சரிபார்ப்பதும் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுவதும் மிகச் சிறிய செலவு. சரக்குக்குத் தேவையான அளவைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்தால் கம்ப்ரசர் செலவு 2, 3 சதவீதம் ஏறும். கதவும் காப்பும் இறுக்கமாக இருக்கும் அறையில் இன்னொரு ஆதாயமும் உண்டு. எச்.டி. (உயர் அழுத்த) இணைப்புக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம்; இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. இரவில் நன்றாகக் குளிரவைத்துவிட்டு உச்ச நேரத்தில் கம்ப்ரசரை ஓய்வாக விடலாம், சரக்கே குளிரைப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டை அறையில் இது நடக்காது.

'வெள்ளைப் பூச்சு இரண்டு வருடத்தில் புழுதி படிந்து மங்கிவிடுமே' என்பார்கள். மங்கும், லாரி ஓடும் சாலையோரம் இன்னும் வேகமாக மங்கும். கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும், அதையும் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 'சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது இன்னும் வலுவான வாதம். தகடு கூரைக்கு நிழலும் தருகிறது, உண்மை. ஆனால் மாலை உச்ச நேரத்தில் அது மின்சாரம் தராது. தேவை பாதியாகக் குறைந்தபின் போட்டால் பாதித் தகடு போதும். பழைய இரும்புச் சட்டமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். உண்மையில் கடினமான தடை வேறு: குடோன் வாடகைக்கு என்றால் கூரைச் செலவு உரிமையாளருக்கு, பில் லாபம் உனக்கு. இதற்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வழியில்லை. ஒப்பந்தக் காலத்தை நீட்டிக் கேள், பூச்சுச் செலவை வாடகையில் கழிக்கக் கேள். கூரை துருப்பிடிக்காமல் நீடிப்பது அவருக்கும் லாபம் என்பதைச் சொல்.

பில்லில் யூனிட் மட்டும் இல்லை. எச்.டி. இணைப்பில் நீ எவ்வளவு குறைவாக இழுத்தாலும் ஒப்பந்த மின்தேவையில் 90 சதவீதத்துக்காவது தேவைக் கட்டணம் கட்டியாக வேண்டும், எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பிலும் நிலைக் கட்டணம் உண்டு. ஆகவே கூரையும் விளக்கும் மாற்றியபின், மாதாமாதம் மீட்டரில் பதிவாகும் உச்சத் தேவையை ஒரு நோட்டில் குறித்து வா. மாசி, பங்குனிக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பந்த அளவைக் குறைக்க அவசரப்படாதே. ஒப்பந்த அளவை மீறினால் கூடுதல் கட்டணம் விழும். சித்திரை, வைகாசியையும் தாண்டி உச்சத் தேவை பழைய அளவைத் தொடவில்லை என்றால், ஒப்பந்த அளவைக் குறைத்துத் தரும்படி மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்